ஈஸ்ட் வில்லேஜ் ஃபன் கேலரி: நான்கே ஆண்டில் மூடியது ஏன்?

நீலமை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் கலை வரலாறு படிக்கும் மாணவி. இந்தப் பருவக் கட்டுரைக்காக நியூயார்க்கின் ஈஸ்ட் வில்லேஜ் பகுதியில் இருந்த ஃபன் கேலரியை எடுத்துக்கொண்டிருக்கிறேன். 1981இல் திறந்தார்கள், 1985இல் மூடினார்கள், ஓவியர்கள் ஜான் மிஷேல் பாஸ்கியாவையும் கீத் ஹேரிங்கையும் கண்டுபிடித்தார்கள். எங்கே தேடினாலும் இந்த மூன்று வரிக்கு மேல் கிடைப்பதில்லை.

அந்த மூன்று வரியே ஒன்றோடொன்று ஒட்டவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. பாஸ்கியா 1982இல் வரைந்த ஓவியம் ஒன்று 2017இல் 11 கோடி டாலருக்கு மேல் ஏலம் போனது. அதே 1982இல் அவருக்குக் கண்காட்சி வைத்த கேலரி மூன்று ஆண்டுகளில் கதவைச் சாத்தியது என்றால் எப்படிப் புரிந்துகொள்வது? யார் நடத்தினார்கள், உள்ளே என்னதான் நடந்தது? கட்டுரைக்காக விரைவில் நியூயார்க் செல்கிறேன். நேரில் பார்க்க ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்றும் சொன்னால் உதவியாக இருக்கும்.

ஏழாம்கரை எழுதியது:

நடத்தியவர்கள் இருவர்: பேட்டி ஆஸ்டர், பில் ஸ்டெல்லிங். ஆஸ்டர் நடிகை. கையில் இருந்த காசைப் போட்டு நண்பர்களே எடுத்த அண்டர்கிரவுண்ட் படங்களில் நடித்துக்கொண்டிருந்தவர். ஹிப்-ஹாப் பற்றிய முதல் கதைப்படமான ‘வைல்ட் ஸ்டைல்’ படத்தில் பத்திரிகையாளராக வருவாரே, அவர்தான். கேலரி முதலில் கிழக்கு 11ஆம் தெரு 229ஆம் எண்ணில் இருந்தது, பிறகு கிழக்கு 10ஆம் தெரு 254க்கு மாறியது. ஆஸ்டர் 2024 ஏப்ரலில் காலமானார்.

மற்றதைச் சட்டகம் அண்ணன் வந்து சொல்வார். அவருக்கு இது உயிர்.

சட்டகம் எழுதியது:

தங்கை, நல்ல கேள்வி. நான் க்வீன்ஸில் ஓவியங்களுக்குச் சட்டம் போடும் பட்டறை ஒன்றில் வேலை செய்கிறேன். அந்தக் காலத்து ஓவியங்கள் சில எங்கள் மேசைக்கும் வந்து போயிருக்கின்றன. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

“கண்டுபிடித்த கேலரி” என்ற வரியை முதலில் அடித்துவிடுங்கள். தேதிகளை வரிசையாக வைத்தாலே அந்த வரி நிற்காது. 1982 மார்ச்சில், நியூயார்க்கின் பெரிய கேலரிகள் இருந்த சோஹோ பகுதியில், அன்னினா நொசெய் கேலரியில் பாஸ்கியாவின் தனிக்கண்காட்சி. ஏப்ரலில் லாஸ் ஏஞ்சலிஸில் ஓவிய வியாபாரி லேரி ககோசியனிடம். ஜூனில் ஜெர்மனியின் காசெல் நகரில் டாக்குமெண்டா 7 என்ற சர்வதேசக் கலைக் கண்காட்சி. அங்கே கலந்துகொண்டவர்களில் அவர்தான் இளையவர், வயது 21. செப்டம்பரில் சூரிச்சில் இன்னொரு வியாபாரி புரூனோ பிஷோஃப்பெர்கரிடம். இவ்வளவும் முடிந்த பிறகு நவம்பரில்தான் ஃபன் கேலரி வருகிறது. ஹேரிங் கதையும் இதே வரிசைதான். 1982 அக்டோபரில் சோஹோவில் டோனி ஷஃப்ராசியிடம் பெரிய கண்காட்சி, 1983 பிப்ரவரியில் ஃபன்.

ஆகவே அந்த இருவரும் ஃபன் கேலரியில் ஏறி மேலே போனவர்கள் அல்லர். மேலே போன பிறகு, வசதியான இடங்கள் கைவசம் இருந்தும், ஈஸ்ட் வில்லேஜின் ஒரு சிறிய கடைக்கு வந்து ஓவியங்களை மாட்டியவர்கள். ஏன் வந்தார்கள் என்று கேட்டால்தான் அந்தக் கேலரி என்ன என்பதே புரியும்.

அது தொடங்கிய விதத்தைப் பாருங்கள். ஆஸ்டர் தன் வீட்டிலேயே ஒரு விருந்து வைத்து, அதைக் கண்காட்சித் திறப்பு விழாவாக அறிவித்தார். ஃப்யூச்சுரா 2000 வீட்டுச் சுவரில் ஓவியம் தீட்டினார். கென்னி ஷார்ஃப் சமையலறைச் சாதனங்களை வண்ணம் அடித்து அலங்கரித்தார். அங்கே வந்த ஸ்டெல்லிங், தன்னிடம் ஒரு சின்னக் கடை இருக்கிறது, கேலரி ஆக்கலாம் என்று சொல்ல, வேலை தொடங்கிவிட்டது. முதலில் வைத்தது ஆஸ்டரின் கணவர் ஸ்டீவன் கிரேமரின் பென்சில் ஓவியங்கள். கேலரிக்கு அப்போது பெயர்கூட இல்லை. கண்காட்சி வைக்கிற ஒவ்வொரு கலைஞரும் அந்த மாதத்துக்குத் தனக்குப் பிடித்த பெயரைச் சூட்டிக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு. அடுத்து வந்த ஷார்ஃப் “ஃபன்” என்று வைத்தார். அவருக்குப் பின் வந்த ஃபேப் 5 ஃப்ரெடி “சீரியஸ்” என்று மாற்ற நினைத்தார். புதிதாகப் பலகை எழுதவும் தாள்கள் அச்சடிக்கவும் பணம் இல்லை. ஃபன் என்ற பெயரே நின்றுவிட்டது.

ஃப்யூச்சுரா, ஃப்ரெடி போன்றவர்கள் சுரங்க ரயில்களில் ஸ்ப்ரே வண்ணத்தால் எழுதியும் வரைந்தும் வந்தவர்கள். ஃபன் கேலரிக்கு முன்பே இந்த ரயில் ஓவியர்களுக்கு இடம் கொடுத்தவர்கள் உண்டு. தெற்கு பிராங்க்ஸில் ஸ்டெஃபான் ஐன்ஸ் 1978இல் தொடங்கிய ஃபேஷன் மோடா என்ற கலைக்கூடத்தை உங்கள் கட்டுரை விட்டுவிடக் கூடாது. 1980 ஜூனில் ‘டைம்ஸ் ஸ்கொயர் ஷோ’ நடந்தது. 1981 தொடக்கத்தில் பி.எஸ்.1 என்ற கலைக்கூடத்தில் டியேகோ கோர்ட்டெஸ் ஒரு மாபெரும் கூட்டுக் கண்காட்சி வைத்தார். அதே ஆண்டு ஏப்ரலில் மட் கிளப் என்ற இரவு விடுதியில் ஃப்ரெடியும் ஃப்யூச்சுராவும் சேர்ந்து ஒன்று வைத்தார்கள். இவை பெரும்பாலும் கூட்டுக் கண்காட்சிகள். நூறு பேரில் ஒருவராக, “கிராஃபிட்டி” என்ற ஒரே சொல்லுக்குக் கீழே அந்தப் பையன்கள் நின்றார்கள்.

ஃபன் கேலரி ஆளுக்கொரு கண்காட்சி என்று பிரித்துக் கொடுத்தது. இந்த மாதம் ஃப்ரெடி, இன்னொரு மாதம் ஃப்யூச்சுரா, இன்னொரு மாதம் டோண்டி. நான்கு சுவரும் ஒருவருடையவை. உள்ளே வருகிறவர் டோண்டியின் கோடு ஃப்யூச்சுராவின் கோட்டைப் போல இல்லை என்பதைக் கண்ணால் பார்த்துத்தான் ஆக வேண்டும். என் மனத்தில் அந்தக் கேலரியின் முழுப் பெருமையும் இதில்தான் இருக்கிறது. பாஸ்கியா அங்கே வராமலே போயிருந்தாலும் இந்தப் பெருமை குறையாது.

டோண்டியைப் பற்றிச் சொல்கிறேன், கேளுங்கள். டொனால்ட் வைட், 1961இல் பிறந்தவர், புரூக்ளினின் ஈஸ்ட் நியூயார்க் பகுதிக்காரர். அந்தப் பையன்கள் தங்களை ஓவியர்கள் என்று சொல்லிக்கொள்ளவில்லை, “ரைட்டர்” என்றுதான் சொன்னார்கள். ஒரு பெயரைத் தேர்ந்துகொண்டு அதை நகரம் முழுக்க எழுதுவதே அவர்கள் தொழில். 1980இல் டோண்டி இரவில் ரயில்களை நிறுத்திவைக்கும் யார்டுக்குள் புகுந்து, ரயில் பெட்டிகளை முழுதாக மறைக்கும்படி தன் பெயரைத் தீட்டினார். அவர் வேலை செய்வதைப் புகைப்படக்காரர் மார்த்தா கூப்பர் உடனிருந்து எடுத்தார். ஒரு படத்தில் டோண்டி இரண்டு ரயில்களுக்கு இடையில், கால் ஒரு பெட்டியிலும் மறுகால் எதிர்ப் பெட்டியிலுமாக அகட்டி நின்று, கையை உயர்த்தி ஸ்ப்ரே அடித்துக்கொண்டிருப்பார். தள்ளி நின்று பார்க்க அங்கே இடமே கிடையாது. ஒரு பெட்டியின் நீளத்துக்கு ஓடும் எழுத்தை அவ்வளவு நெருக்கத்தில் நின்று, பிசிறில்லாமல், மனக்கணக்கிலேயே முடித்திருக்கிறார். கித்தானில் வேலை செய்கிற எந்த ஓவியருக்கும் அடிக்கடி பின்னால் போய்ப் பார்த்தே ஆக வேண்டும். இந்த இளைஞருக்கு அந்த வசதி விடியும்வரை கிடையாது.

அந்த ரயில்கள் எவையும் இன்று இல்லை. ரசாயனம் ஊற்றிக் கழுவிவிடுவார்கள், ரைட்டர்கள் அதை “பஃப்” என்பார்கள். 1989 மே மாதம் கிராஃபிட்டி உள்ள கடைசி ரயிலையும் ஓட்டத்திலிருந்து எடுத்துவிட்டதாகப் போக்குவரத்து நிர்வாகம் அறிவித்தது. டோண்டியின் முதல் தனிக்கண்காட்சி 1982இல் ஃபன் கேலரியில் நடந்தது. ரயிலில் எழுதியது அழிந்துபோன ஒருவருக்குத் தன் கோட்டைக் கித்தானில் நிறுத்திவைக்க அந்தக் கடை இடம் கொடுத்தது. இதைவிட ஒரு கேலரி என்ன செய்ய வேண்டும்?

சரி, பாஸ்கியா. அவருடைய 1982ஆம் ஆண்டு ஓவியங்களைப் படமாகப் பார்க்காதீர்கள், அருங்காட்சியகத்தில் பக்கவாட்டில் போய் நின்று பாருங்கள். கித்தானை மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டும்போது மரம் பின்னால் மறைந்திருக்க வேண்டும், மூலைகள் செங்கோணத்தில் இருக்க வேண்டும். எங்கள் தொழிலின் அரிச்சுவடி அது. பாஸ்கியாவின் அந்த ஆண்டு வேலைகளில் குறுக்குக் கட்டைகள் மூலையைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். சில மூலைகளைக் கயிற்றால் கட்டியிருப்பார்கள். தெருவில் கிடைத்த மரத்தை வைத்து அவருடைய உதவியாளர் ஸ்டீபன் டார்டன் செய்த சட்டங்கள் அவை. கித்தான் ஒட்டியும் ஒட்டாமலும் தொங்கும். ஓவியத்தைச் சுற்றி நான் போடுகிற தங்க விளிம்பெல்லாம் அதன் முன்னால் பொய்யாகிவிடும். ஃபன் கேலரிக் கண்காட்சியில் மாட்டியவற்றில் பல இப்படிப்பட்டவை. வழுவழுப்பான சோஹோ வேலைகளிலிருந்து அவர் விலகி நின்ற இடம் இது. அந்தக் கண்காட்சியைத்தான் அவருடைய சிறந்த கண்காட்சிகளில் ஒன்றாகப் பலரும் சொல்கிறார்கள். பிஷோஃப்பெர்கரும் அப்படிச் சொன்னவர்தான்.

ஹேரிங் வந்தபோது தனியாக வரவில்லை. எல்.ஏ. 2 என்று கையெழுத்திடும் ஏஞ்சல் ஆர்ட்டிஸ் என்ற பதின்பருவப் பையனையும் அழைத்து வந்தார். லோயர் ஈஸ்ட் சைடுக்காரப் பையன். சுவர், பொருள் என்று எதையும் விடாமல் இருவரும் கோடுகளால் நிரப்பினார்கள். திறப்பு விழாக்களில் கூட்டம் கடைக்குள் அடங்காமல் நடைபாதையில் நிற்கும். பிராங்க்ஸிலிருந்து வந்த பையன்கள், பிரேக் நடனக்காரர்கள், பங்க் இசைக்காரர்கள், அப்டவுனிலிருந்து காரில் வந்திறங்கும் ஓவியச் சேகரிப்பாளர்கள் எல்லோரும் அந்த ஒரே நடைபாதையில். அன்றைய நியூயார்க்கில் இந்த நான்கு கூட்டமும் ஒன்றாக நிற்கும் இடம் வேறு அதிகம் கிடையாது. பாஸ்கியாவும் ஹேரிங்கும் திரும்பி வந்தது இந்தக் கூட்டத்துக்காகத்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அவர்களுடைய நண்பர்கள் சோஹோவுக்குப் போனால் வாசலிலேயே முறைத்துப் பார்ப்பார்கள். இங்கே யாரும் முறைக்கவில்லை.

இப்போது உங்கள் பணக் கேள்விக்கு வருகிறேன். கேலரித் தொழிலில் விற்பனையில் ஏறக்குறைய பாதி கலைஞருக்கு, பாதி கேலரிக்கு என்பதே வழக்கம். விலை குறைவாக இருக்கும்போது அந்தப் பாதி வாடகைக்கும் விளக்குக்கும் சரியாகப் போய்விடும். லாபம் பார்ப்பது எப்போது என்றால், அதே கலைஞர் ஆண்டுக்கணக்கில் உங்களிடமே இருந்து விலை ஏறும்போது. ஃபன் கேலரியில் விலை ஏறியவர்கள் ஏற்கெனவே பெரிய வியாபாரிகளிடம் இருந்தார்கள், அல்லது விலை ஏறியதும் அங்கே போனார்கள். பிறகு அந்த ஓவியம் கைமாறிக் கைமாறி எத்தனை கோடிக்குப் போனாலும் முதலில் விற்ற கேலரிக்கு ஒரு சல்லிக்காசும் வராது. நீங்கள் சொன்ன 11 கோடி டாலர் 2017இல் ஏல நிறுவனத்துக்கும் விற்றவருக்கும் போன பணம். உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்பது இந்தத் தொழிலில் அட்சரம் பிசகாமல் உண்மை.

இதற்கு மேல் கிராஃபிட்டிக்கு இருந்த மோகமும் இறங்கியது. 1983 டிசம்பரில் 57ஆம் தெருவின் மதிப்புமிக்க சிட்னி ஜானிஸ் கேலரி ‘போஸ்ட்-கிராஃபிட்டி’ என்று ஒரு கண்காட்சி வைத்தது. கிராஷ், டேஸ், லேடி பிங்க் என்ற ரைட்டர்கள் எல்லோரும் அதில் இருந்தார்கள். உச்சம் என்று எல்லோரும் நினைத்தது அதைத்தான், நியூயார்க் சந்தையைப் பொறுத்தவரை அதன் பிறகு சரிவு. ஐரோப்பாவில் நிலைமை வேறு. ஆம்ஸ்டர்டாமில் யாக்கி கோர்ன்பிளிட் என்ற வியாபாரி 1983இலேயே டோண்டி, ஸெஃபிர், ஃப்யூச்சுரா போன்றவர்களைக் காட்டத் தொடங்கினார். ராட்டர்டாமின் பாய்மான்ஸ் அருங்காட்சியகம் அதே ஆண்டு கண்காட்சி நடத்தியது. ரைட்டர்களுக்கு வாங்குபவர்கள் கடல் தாண்டி இருந்தார்கள், ஃபன் கேலரிக்கு வாடகை கிழக்கு 10ஆம் தெருவில் ஏறிக்கொண்டிருந்தது.

தெற்குவாசல் எழுதியது:

சட்டகம் அவர்கள் எழுதியதை விரும்பிப் படித்தேன். ஆனால் வாடகையை ஒரே வரியில் முடித்துவிட்டார். எனக்கு அதுதான் முதன்மையான செய்தி. வாடகை தானாக ஏறவில்லை.

1970களில் அந்தப் பகுதியில் வீட்டு உரிமையாளர்கள் வரி கட்டாமல் கட்டடங்களைக் கைவிட்டார்கள், பல கட்டடங்கள் தீக்கிரையாயின. அங்கேயே தங்கி, காலி மனைகளில் தோட்டம் போட்டு, இடிந்த வீடுகளைத் தாங்களே பழுதுபார்த்துக் குடியிருந்தவர்கள் பெரும்பாலும் போர்ட்டோரிக்கோ குடும்பங்கள். அவர்கள் அந்த இடத்தை லோய்சைடா என்று அழைத்தார்கள். கேலரிகள் வந்த சில ஆண்டுகளில் எல்லாம் மாறியது. டாம்கின்ஸ் சதுக்கப் பூங்காவுக்கு எதிரே கிறிஸ்டடோரா என்ற 16 மாடிக் கட்டடம் இருக்கிறது. 1975இல் அது 62,500 டாலருக்கு விலை போனது. 1983இல் 13 லட்சம் டாலர். மறு ஆண்டே 30 லட்சம். ஃபன் கேலரி இருந்த அதே காலம், நடந்து போகும் தூரம். 1984 ஜனவரியில் போதைப்பொருள் ஒழிப்பு என்று பெரும் போலீஸ் நடவடிக்கை வேறு. 1988 ஆகஸ்டில் அந்தப் பூங்காவில் கலவரம் வெடித்தபோது கூட்டம் கிறிஸ்டடோராவின் வாசலைத்தான் போய் உடைத்தது.

கேலரிகள்தான் இந்த மாற்றத்துக்கு முன்னணிப் படை என்று ரோசலின் டாய்ச்சும் காரா ஜெண்டல் ரயனும் 1984இலேயே ‘அக்டோபர்’ என்ற கலை விமர்சன இதழில் விரிவாக எழுதிவிட்டார்கள். கட்டுரை எழுதும் மாணவி அதைப் படிக்காமல் இருக்கக் கூடாது. ஒரு கேலரியின் மறைவுக்கு வருந்தும்போது, அதே வாடகையால் வீடிழந்த குடும்பங்களை மறந்துவிட்டால் வரலாறு பாதிதான்.

சட்டகம் எழுதியது:

தெற்குவாசல், நீங்கள் சொன்ன விவரங்கள் எல்லாம் சரி. கிறிஸ்டடோரா கணக்கைத் தங்கை கட்டாயம் கட்டுரையில் சேர்க்க வேண்டும். ஃபன் கேலரி 1981இல் திறந்தபோது அந்த வட்டாரத்தில் வேறு கேலரிகள் பெரிதாக இல்லை. பிறகு கிரேசி மேன்ஷன், சிவிலியன் வார்ஃபேர், நேச்சர் மோர்ட், பேட் ஹெர்ன் என்று வரிசையாக வந்தன. 1985ஐ ஒட்டிப் பல பத்துகளாகப் பெருகிவிட்டன. அந்த வெள்ளத்துக்கு மடை திறந்தவர்களில் ஆஸ்டரும் ஸ்டெல்லிங்கும் உண்டு. அதை மறுக்க மாட்டேன்.

ஆனால் எல்லாக் கேலரிகளையும் ஒரே தராசில் நிறுப்பதை நான் ஏற்கவில்லை. ஃபன் கேலரி அந்தக் கட்டடத்தின் உரிமையாளர் அல்ல, மாத வாடகைக்கு இருந்த கடை. அங்கே சுவர் கிடைத்தவர்களில் பலர் புரூக்ளின், பிராங்க்ஸ், லோயர் ஈஸ்ட் சைடில் வளர்ந்த கறுப்பின, போர்ட்டோரிக்கோ இளைஞர்கள். அதாவது நீங்கள் சொல்லும் குடும்பங்களின் பிள்ளைகள். ஏஞ்சல் ஆர்ட்டிஸ் அந்தத் தெருக்களிலேயே வளர்ந்தவர். பின்னால் வந்த கேலரிகளில் பல, கலைக் கல்லூரி முடித்தவர்களுக்கானவை. அவை தாக்குப்பிடித்தால் சோஹோவுக்கு இடம் மாறின. தங்களுக்கென்று வைத்துக்கொள்ளக் கலைஞர்களைப் பிடித்து ஒப்பந்தம் போடத் தெரிந்தவை. ஃபன் அதைச் செய்யவில்லை. இந்த வித்தியாசத்தை டாய்ச்-ரயன் கட்டுரை போதிய அளவு கவனிக்கவில்லை என்பது என் கருத்து.

வாடகையோடு இன்னும் இரண்டைச் சேர்க்க வேண்டும்.

ஒன்று, மைக்கேல் ஸ்டூவர்ட். 25 வயதுக் கறுப்பின இளைஞர், ஓவியம் பயின்றவர். 1983 செப்டம்பர் 15 அதிகாலை, முதல் அவென்யூ சுரங்க ரயில் நிலையத்தில் சுவரில் எழுதினார் என்று போலீசார் பிடித்தார்கள். நினைவு திரும்பாமலே 28ஆம் தேதி இறந்தார். வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட போலீசார் அனைவரும் 1985இல் விடுவிக்கப்பட்டார்கள். அந்த நிலையம் 14ஆம் தெருவில் இருக்கிறது. ஃபன் கேலரி அங்கிருந்து நான்கு தெரு தெற்கே. சுவரில் எழுதுவதைக் கலை என்று கொண்டாடி ஒரு கடையில் விற்கிறார்கள், கூப்பிடு தூரத்தில் சுவரில் எழுதியதாகச் சொல்லி ஒருவர் உயிர் போகிறது. அந்த ஊரில் ரைட்டர்களின் நிலைமை அதுதான். திறப்பு விழாக் கூட்டத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் இதையும் அதே பக்கத்தில் எழுத வேண்டும்.

பாஸ்கியா அதைப் பார்த்து உலுக்கப்பட்டார். ஹேரிங்கின் பட்டறைச் சுவரிலேயே, நீலச் சீருடையில் இரண்டு போலீசார் கம்பை ஓங்க, நடுவில் முகமில்லாத ஒரு கரிய உருவம் நிற்பதுபோல் வரைந்தார். 1985இல் ஹேரிங் அந்த இடத்தைக் காலி செய்தபோது சுவரின் அந்தப் பகுதியை அறுத்தெடுத்துக்கொண்டார். பிறகு அதற்குச் சிற்ப வேலைப்பாடு நிறைந்த, பொன்முலாம் பூசிய, அரண்மனைச் சட்டம் போன்ற ஒன்றைப் போட்டுத் தன் கட்டிலுக்கு மேலே மாட்டிவைத்தார். 1990 பிப்ரவரியில் இறக்கும்வரை அது அங்கேதான் இருந்தது. 2019இல் குகன்ஹைம் அருங்காட்சியகம் இந்த ஒரு படைப்பை மையமாக வைத்தே ஒரு கண்காட்சி நடத்தியது. என் தொழிலில் சட்டம் என்பது படத்துக்கு அடங்கி இருக்க வேண்டும் என்று கற்றுக்கொடுப்பார்கள். இந்த ஒரு இடத்தில் ஹேரிங் செய்ததுதான் சரி. சாதாரண அட்டைச் சுவரின் ஒரு துண்டுக்கு ராஜாக்களின் படத்துக்குப் போடும் சட்டம். இறந்துபோன அந்த இளைஞருக்கு நகரம் தராத மரியாதையை அந்தப் பொன்விளிம்பு தருகிறது.

இரண்டாவது, எய்ட்ஸ். ஃபன் கேலரியில் தையல் ஊசியும் நூலும் வைத்து ஓவியம் செய்த நிக்கலஸ் முஃபரேஜ், அந்த வட்டாரத்தைப் பற்றி முதலில் எழுதிய விமர்சகர்களில் ஒருவர். எகிப்தில் பிறந்த லெபனானியர். 1985இல் இறந்தார், கேலரி மூடிய அதே ஆண்டு. ஓவியர் ஆர்ச் கானலி 1993இல். ஹேரிங் 31 வயதில். டோண்டி 1998இல், 37 வயதில். பாஸ்கியா 1988இல் 27 வயதில் போதைப்பொருளால் போனார். வாடகையைச் சமாளித்து இன்னும் பத்து ஆண்டு தாக்குப்பிடித்திருந்தாலும், 1981இல் அந்த நடைபாதையில் நின்ற பலர் அங்கே நின்றிருக்க மாட்டார்கள். ஈஸ்ட் வில்லேஜ் ஏன் முடிந்தது என்று பொருளாதாரத்தை மட்டும் வைத்து எழுதுகிற கட்டுரைகளைப் படித்தால் எனக்குக் கோபம் வருகிறது.

தெற்குவாசல் எழுதியது:

ஃபன் கேலரி மற்றவற்றிலிருந்து வேறுபட்டது என்ற வாதத்தை ஏற்கிறேன். அந்தப் பையன்களின் பெற்றோருக்கு அது வீட்டு வாடகையைக் குறைக்கவில்லை என்பதையும் கூடவே வைத்துக்கொள்வோம்.

நீலமை எழுதியது:

இருவருக்கும் நன்றி. “கண்டுபிடித்த” என்ற சொல்லை எடுத்துவிட்டேன், கட்டுரையின் போக்கே மாறுகிறது. தனிக்கண்காட்சிகள் என்ற கோணத்தில் டோண்டியை நடுவில் வைத்து எழுதலாம் என்று நினைக்கிறேன். சட்டகம் அண்ணா, அங்கே வந்தால் எதை நேரில் பார்க்கலாம்?

சட்டகம் எழுதியது:

டோண்டியை நடுவில் வைக்கிறீர்கள் என்றதும் மனம் நிறைந்தது.

இரண்டு முகவரிகளுக்கும் நடந்தே போகலாம், கேலரியை நினைவூட்டும் எதையும் எதிர்பார்க்காதீர்கள். ஆனாலும் போய் அந்தத் தெருவின் அகலத்தைப் பாருங்கள். 254ஆம் எண் முதல் அவென்யூவுக்கும் அவென்யூ ஏவுக்கும் இடையில் இருக்கிறது. அதே தெருவில் 268இல் 1892 முதல் இயங்கும் ரஷ்யக் குளியல் நிலையம் இன்றும் இருக்கிறது. அதன் வாசலில் நின்றால் கூட்டம் எங்கே நின்றிருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம். அங்கிருந்து கிழக்கே நடந்தால் டாம்கின்ஸ் பூங்கா, அதன் மறுபக்கம் தெற்குவாசல் சொன்ன கிறிஸ்டடோரா. வடக்கே திரும்பினால் முதல் அவென்யூ நிலையம். உங்கள் கட்டுரையின் எல்லா இடங்களும் அரை மணி நேர நடைக்குள் அடங்கிவிடும்.

கேலரியின் உட்புறத்தைப் பழைய புகைப்படங்களில்தான் பார்க்க முடியும். 2011இல் லாஸ் ஏஞ்சலிஸ் தற்காலக் கலை அருங்காட்சியகம் தெருக்கலைக்கு ஒரு பெருங்கண்காட்சி நடத்தியபோது ஆஸ்டரே ஃபன் கேலரிக்கென்று ஒரு பகுதியை அமைத்தார். அதன் படங்கள் கிடைக்கும், தேடுங்கள்.

ஓவியங்களுக்கு ஐந்தாம் அவென்யூவும் 103ஆம் தெருவும் சந்திக்கும் இடத்தில் உள்ள நியூயார்க் நகர அருங்காட்சியகத்துக்குப் போங்கள். அங்கே மார்ட்டின் வாங் சேகரிப்பு இருக்கிறது. வாங் நல்ல ஓவியர், லோயர் ஈஸ்ட் சைடில் குடியிருந்தவர். கனால் தெருவில் பேர்ல் பெயிண்ட் என்ற வண்ணக் கடையில் வேலை பார்த்தபோது அங்கே வந்த ரைட்டர்களோடு பழகி, அவர்களுடைய கித்தான்களையும், எழுத்துப் பழகும் கறுப்பு நோட்டுகளையும் தன் பணத்தில் வாங்கிச் சேர்த்தார். சந்தை அவர்களைக் கைவிட்ட பிறகும் வாங்கினார். 1989இல் பாண்ட் தெருவில் கிராஃபிட்டிக்கென்றே ஒரு சிறு அருங்காட்சியகம் தொடங்கினார், அது ஃபன் கேலரி அளவுக்குக்கூட நீடிக்கவில்லை. உடல்நலம் கெட்டு சான்பிரான்சிஸ்கோவுக்குத் திரும்பும் முன், 1994இல், முந்நூறுக்கும் மேற்பட்ட படைப்புகளை நகர அருங்காட்சியகத்துக்கு அன்பளிப்பாகக் கொடுத்துவிட்டார். விற்றிருந்தால் சிகிச்சைக்கும் வாழ்க்கைக்கும் உதவியிருக்கும். சேகரிப்பு சிதறாமல் ஒரே இடத்தில், அது பிறந்த ஊரிலேயே இருக்கிறது என்றால் அந்த ஒரு மனிதரின் பிடிவாதம்தான் காரணம்.

டோண்டி, லீ கினோனஸ், ஃப்யூச்சுரா, லேடி பிங்க் எல்லோரும் அதில் இருக்கிறார்கள். எல்லாமே எப்போதும் சுவரில் இருக்காது, முறை வைத்து மாற்றுவார்கள். ஆகவே புறப்படுவதற்கு முன்பே சேகரிப்புப் பிரிவுக்கு எழுதி, ஆய்வு மாணவி என்று சொல்லி, கறுப்பு நோட்டுகளைப் பார்க்க அனுமதி கிடைக்குமா என்று கேளுங்கள். கிடைத்தால் பென்சில் மட்டும் எடுத்துப் போங்கள், பேனாவை இப்படிப்பட்ட இடங்களில் பெரும்பாலும் அனுமதிக்க மாட்டார்கள்.